பார்ஜிட்டர் மறந்த கதை

க்ளெமென்ட் பார்ஜிட்டருக்குப் பிறக்கும்போதே ஐம்பது வயது முகம். இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் மாட்டுக்குடல் கடை வைத்திருந்த அவருடைய அப்பா தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடி இவன், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் மாதிரி முறைக்கறான்!" என்றாராம். இருபத்தாறு வயதில் தலைமுடியும் விடைபெற்றுக்கொண்டது. வேறு நடிகனாக இருந்தால் விக் வாங்கியிருப்பான், இல்லையென்றால் அப்பா கடைக்கே திரும்பிப் போயிருப்பான். பார்ஜிட்டர் இரண்டையும் செய்யவில்லை.

நடிகர்களின் படங்களைப் போட்டு வருஷாவருஷம் ஒரு தடிப் புத்தகம் வரும். நாடக முதலாளிகளும் படக்காரர்களும் அதைப் புரட்டித்தான் ஆள் எடுப்பார்கள். முன்பக்கங்களில் இளம் நாயகர்கள், மோவாயைத் தூக்கிக்கொண்டு. பின்பக்கங்களில் கோணல் மூக்கு, தொங்கு கன்னம், மாறுகண் இத்தியாதி. அதற்குக் குணச்சித்திரப் பகுதி என்று கௌரவமான பெயர். பார்ஜிட்டர் இருபத்தாறு வயதில் தன் படத்தை முன்பக்கத்திலிருந்து எடுத்துத் தானாகவே பின்பக்கத்தில் போடச் சொன்னார்.

"தற்கொலை பண்ணிக்கிட்டான்யா" என்றார்கள் கூட நடித்தவர்கள். வருத்தத்தோடு சொன்னதாக நினைத்துவிடாதீர்கள். அந்த மோவாய்களில் பாதி நாற்பது வயதில் தொங்கிப்போய், வீடு வீடாகத் துடைப்பம் விற்கக் கிளம்பின. பார்ஜிட்டர் அன்று முதல் ஒரு வாரம்கூடச் சும்மா இருந்ததில்லை. ஸ்டேஷன் மாஸ்டர், ஓட்டல் சிப்பந்தி, போலீஸ் சார்ஜண்ட், பிணவறைக் காவலாளி, பாதிரியார், மறுபடியும் ஸ்டேஷன் மாஸ்டர். முப்பத்தோரு படங்கள். ஒன்றில்கூட அவர் பெயர் முதலில் வந்தது கிடையாது. பஸ்ஸில் ஜனங்கள் உற்றுப் பார்ப்பார்கள்.

"உங்களை எங்கயோ பாத்திருக்கேனே? எங்க வீட்டு காஸ் மீட்டர் பாக்க வந்தவருதானே நீங்க?"

"ஆமாம்மா. மீட்டர் இப்ப ஒழுங்கா ஓடுதா?" என்பார் பார்ஜிட்டர், கொஞ்சமும் கோபப்படாமல்.

கோபம் எதற்கு? நாலு நிமிஷம் வருகிற ஸ்டேஷன் மாஸ்டரைப் பற்றித்தான் ஜனங்கள் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பேசுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். தன் தொழிலில் தன்னைவிடக் கெட்டிக்காரர்கள் இந்த ராஜ்யத்தில் அதிகம் பேர் இல்லை என்றும் தெரியும். வீண் அடக்கம் அவரிடம் கிடையாது.

அந்தக் கெட்டிக்காரத்தனம் சும்மா வரவில்லை. பதினாலு வருஷம் வடக்கே ஊர் ஊராக வார நாடகக் கம்பெனிகளில் கிடந்தவர். திங்கட்கிழமைதோறும் புது நாடகம். சாயங்காலம் இந்த வார நாடகத்தை நடிக்க வேண்டும், காலையில் அடுத்த வார நாடகத்துக்கு ஒத்திகை பார்க்க வேண்டும். வருஷத்துக்கு நாற்பது நாடகம். இந்த வாரம் கொலைகாரன், அடுத்த வாரம் கொலையானவன். மனுஷ மண்டை எவ்வளவுதான் தாங்கும்? போன வாரத்து வசனம் இந்த வாரத்து வாயில் வந்துவிடும். முதல் அங்கத்தில் நிற்கிறவன் ஒரே தாவாகத் தாவி மூன்றாம் அங்கத்தில் போய் விழுவான். அதற்கென்று அந்த ஜனங்களிடம் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. யார் மறந்தாலும் பக்கத்தில் நிற்கிறவன் தூக்கி நிறுத்த வேண்டும். நிறுத்திய பிறகு, மறந்தது யார் என்று செத்தாலும் வெளியே சொல்லக் கூடாது. சொன்னவனோடு யாரும் உட்கார்ந்து ஒரு டீ குடிக்க மாட்டார்கள்.

அவர் மனைவி ஹெட்டியும் அங்கே சம்பாதித்ததுதான். மேடை ஓரம் புத்தகத்தோடு உட்கார்ந்து, மறந்தவர்களுக்கு அடி எடுத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. ஒரு நடிகன் மூச்சு இழுக்கிற விதத்தைப் பார்த்தே அவன் மறக்கப்போகிறான் என்று சொல்லிவிடுவாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் வருஷம், பார்ஜிட்டருக்கு ஐம்பத்தெட்டு வயதில், வர வேண்டியது வந்தது. டெலிவிஷன் நிலையத்தில் நகைச்சுவைப் பகுதிக்குத் தலைவராக இருந்த யூஸ்டஸ் க்ராக் கூப்பிட்டு அனுப்பினார். நகைச்சுவைக்குத் தலைவர் என்றேனே தவிர, அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"பன்னிரண்டு வாரத் தொடர், மிஸ்டர் பார்ஜிட்டர். ஒரு தலைமையாசிரியரோட கதை. உங்க பேர் முதல்ல வரும், பெரிய எழுத்துல."

"வரட்டும் சார். நான் ரெடி."

"அவசரப்படாதீங்க. எல்லாம் நேரடி ஒளிபரப்பு. நிறுத்தி மறுபடி எடுக்கறதெல்லாம் நடக்காது. ஒரு இடத்துல மறந்தீங்கன்னா தேசமே பாக்கும். உங்க வயசு..."

"எனக்கு எழுபது நாடகம் இப்பவும் முழுசா மனப்பாடம். எதுலேர்ந்து வேணும், கேளுங்க."

க்ராக் கேட்கவில்லை. "இந்த ஞாயித்துக்கிழமை நாடகத்துல இருக்கீங்கள்ல? அதைப் பாத்துட்டுச் சொல்றேன். ரெண்டாம் அங்கத்துல உங்க ரயில் பேச்சு ஒண்ணு வருதாமே. அதுக்காகவே உக்காந்து பாக்கப்போறேன்" என்றார்.

பார்ஜிட்டர் வீட்டுக்கு வந்து தொப்பியை ஆணியில் எறிந்தார். அது சரியாகப் போய் மாட்டிக்கொண்டது.

"ஹெட்டி, கிடைச்ச மாதிரிதான். அந்த ரயில் பேச்சைக் கேட்டா சிரிக்காதவன் சவப்பெட்டியிலதான் இருப்பான்."

"க்ராக் அங்கதானே இருக்காரு, பாவம்" என்றாள் ஹெட்டி.

நாடகம் ஒரு உயிலைப் பற்றியது. ஒரு பெரிய மனுஷர் செத்துப்போகிறார், சொந்தக்காரர்கள் கூடுகிறார்கள், உயில் எரிந்துபோகிறது, எரித்தது யார் என்பது கடைசியில்தான் தெரியும். பார்ஜிட்டருக்கு வக்கீல் பெப்வொர்த் வேஷம். செத்தவரின் அண்ணன் மகனாக லயனல் ஆஷ்கோம். அவர்தான் நாயகர். அறுபதைத் தாண்டியும் நரைத்த கிருதாவோடு கம்பீரமாக நின்றால் பெண்கள் இன்றைக்கும் பெருமூச்சு விடுவார்கள். முப்பது வருஷத்துக்கு முன் வடக்கே ஹாரகேட் ஊரில் இருவரும் ஒரே கம்பெனியில் ஒரே அறையில் குடியிருந்தவர்கள். லயனல் நல்லவர்தான். தன்னைத் தவிர உலகில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று அவ்வப்போது ஞாபகப்படுத்த வேண்டும், அவ்வளவே.

நாடகத்தை எழுதிய மகானுபாவர் ஒரு சோம்பேறித்தனம் செய்திருந்தார். முதல் அங்கத்தில் வக்கீல் உள்ளே வரும்போது லயனல், "வாங்க மிஸ்டர் பெப்வொர்த், உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்" என்று சொல்ல வேண்டும். மூன்றாம் அங்கத்தில் வக்கீல் திரும்பி வரும்போதும் அதே வரி. முதலாவதற்குப் பிறகு, "உக்காருங்க, உயிலைப் படிங்க." இரண்டாவதற்குப் பிறகு, "படிக்க வேண்டாம், அதை எரிச்சது நான்தான்." ஒரே வாசலில் இரண்டு ரயிலை நிறுத்தினால் எவனாவது தப்பு ரயிலில் ஏறத்தான் செய்வான்.

ஞாயிறு ராத்திரி, ஒளிபரப்பு ஆரம்பித்துப் பதினோராவது நிமிஷம், லயனல் ஏறினார்.

"வாங்க மிஸ்டர் பெப்வொர்த், உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம். படிக்க வேண்டாம். அதை எரிச்சது நான்தான்."

சொல்லிவிட்டுக் கம்பீரமாக நின்றார். உயிலை இன்னும் பெட்டியிலிருந்தே எடுக்கவில்லை. நாடகம் முடிய நாற்பத்தொன்பது நிமிஷம் பாக்கி. அத்தையாக நடித்த டல்சி ஃபாரன்ட் கையில் டீக் கோப்பையோடு கல்லாகிவிட்டாள். அடி எடுத்துக் கொடுக்க வேண்டிய பெண் கேமராவுக்குப் பின்னால் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினாள். லயனலோ மூன்றாம் அங்கத்தில் பார்ஜிட்டர் சொல்ல வேண்டிய பதிலுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தார். தான் தாவியது அவருக்குத் தெரியவே இல்லை.

பார்ஜிட்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டுவதற்குள் அவருக்கு வழி தெரிந்துவிட்டது.

"எரிச்சிட்டீங்களா? ரொம்ப சந்தோஷம். ஆனா சார், முதல்ல படிக்கணும், அப்புறம்தான் எரிக்கணும். எதுக்கும் முறைன்னு ஒண்ணு இருக்கு. நான் எந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சாலும் இதே கூத்து. வக்கீலைக் கண்டதும் எதையாவது ஒத்துக்கணும்னு ஜனங்களுக்கு ஒரு வெறி. போன வாரம் ஒரு வீட்டுல மூணு பேர் உயிலை எரிச்சதா அழுதாங்க. அதை நான் ரயில்லயே விட்டுட்டு வந்திருந்தேன்!"

கேமராக்காரர் ஒருவரின் தோள் குலுங்கியது. ஆனால் லயனல் இன்னும் மூன்றாம் அங்கத்தில்தான் நின்றார். அவரைக் கையைப் பிடித்துத் திரும்ப அழைத்துவர வேண்டும். அதற்குப் பார்ஜிட்டருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று, தான் மறந்த மாதிரி நடிப்பது.

"அது சரி, நான் எதுக்கு வந்தேன்?" என்று நெற்றியைத் தேய்த்தார். "பெட்டி இருக்கு, குடை இருக்கு, காரணத்தைக் காணோமே. ஆங்! நீங்க என்னமோ கேக்க வாயெடுத்தீங்க. உக்காருங்க, படிங்கன்னு சொல்ல வந்தீங்க, அப்படித்தானே?"

"உக்காருங்க, உயிலைப் படிங்க" என்றார் லயனல், கொஞ்சம் எரிச்சலாக.

நாடகம் மறுபடி தண்டவாளத்தில் ஏறியது. ஆனால் ஒரு நிமிஷம் ஐம்பது விநாடி போய்விட்டது. ஒன்பது மணிக்குச் செய்தி. அதைத் தள்ளிவைக்க ராணியாலும் முடியாது. இரண்டாம் அங்கத்தில், நேரம் பார்த்துச் சைகை காட்டுகிற தளப் பொறுப்பாளன் கேமராவுக்கு அடியில் குந்தி உட்கார்ந்து, விரலைச் சுற்றிச் சுற்றிக் காட்டினான், சீக்கிரம், சீக்கிரம் என்று. இரண்டு நிமிஷத்தை எங்கே வெட்டுவது? வெட்டினால் கதை கெடாத இடம் ஒன்றுதான் இருந்தது. பார்ஜிட்டர் தன்னுடைய ரயில் பேச்சை அப்படியே விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

நாடகம் நேரத்துக்கு முடிந்தது. மேக்கப்பைக் கலைக்கும்போது லயனல் அவர் தோளைத் தட்டினார்.

"பயப்படாதேடா க்ளெம். எல்லாருக்கும் வயசாகுது. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

பார்ஜிட்டருக்கு வாயில் வந்ததை எழுத முடியாது. அதற்குள் க்ராக் உள்ளே நுழைந்தார். அவர் தன் அறையில் டெலிவிஷன் பெட்டியில் பார்த்துக்கொண்டிருந்தவர், கையில் நாடகப் புத்தகம் கிடையாது. அவர் கண்ணில் பட்டது, வக்கீல் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் உளறியதும், ரயில் பேச்சைக் காணாமல் அடித்ததும்தான்.

"பதினோராவது நிமிஷத்துல தடுமாறிட்டீங்க. அப்புறம் அந்தப் பேச்சே வரலை. என்ன ஆச்சு?"

நாடகத்தை இயக்கிய டோபி பெல்ச்சர் அங்கேதான் நின்றான். அவனுக்கு எல்லாம் தெரியும். ஆனால் லயனலை வைத்து அடுத்த நாடகமும் அவன்தான் செய்ய வேண்டும். அதனால் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு விதிகளை அவசரமாக வாசிக்க ஆரம்பித்தான்.

"ஏதோ ஒரு நிமிஷம் சார்" என்றார் பார்ஜிட்டர்.

"வியாழக்கிழமை மறுபடி நடிக்கறீங்கல்ல, அன்னைக்குப் பாக்கறேன்" என்றார் க்ராக். "ரெண்டாவது தடவையும் இப்படின்னா, மன்னிச்சிருங்க."

அந்தக் காலத்தில் ஞாயிறு நாடகத்தை வியாழனன்று முதலிலிருந்து மறுபடி நடிக்க வேண்டும்.

மறுநாள் காலை ஹெட்டி ரொட்டியில் மார்மலேடைத் தடவி அவர் முன்னால் தொப்பென்று வைத்தாள்.

"லயனல்தானே?"

பார்ஜிட்டர் தேநீரைக் கலக்கினார்.

"அவன் மூச்சு இழுக்கும்போதே எனக்குத் தெரிஞ்சு போச்சு. டெலிவிஷன் பெட்டிக்குள்ள கையை விட்டு அடி எடுத்துக் கொடுக்கலாம்போல இருந்துச்சு. க்ராக் என்ன சொன்னாரு?"

பார்ஜிட்டர் சொன்னார். ஹெட்டி கத்தியைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கிருதாக்காரன் பண்ணதுக்கு நீ தலையைக் கொடுக்கறதா? முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவன் பேருக்குக் கீழயே நின்னாச்சு. போய் உண்மையைச் சொல்லு!"

"சொல்ல முடியாது, உனக்கே தெரியும்."

ஹெட்டிக்குத் தெரியும். அவளும் அந்தச் சட்டத்தில் வளர்ந்தவள்தான். கத்தியை மறுபடி எடுத்து இன்னொரு ரொட்டித் துண்டை அறுத்தாள்.

"சரி, சொல்ல வேணாம். வியாழக்கிழமை அவன் மறுபடி தாவினா, நீ வாயை மூடிக்கிட்டு நில்லு. மூணு எண்ணு, போதும். மூணு விநாடி யாரும் பேசலைன்னா, தப்புப் பண்ணது யாருன்னு பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரிஞ்சிரும். அப்புறம் காப்பாத்து. நீ யாரையும் காட்டிக் கொடுத்ததா ஆகாது. மூணே மூணு, க்ளெம். அது நமக்குச் சேர வேண்டியது."

பார்ஜிட்டர் யோசித்தார். சட்டத்தில் ஓட்டையே இல்லாமல் சட்டத்தை வளைத்திருந்தாள். "நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்றார்.

"பெப்வொர்த்தை விட நல்லாவே பண்ணியிருப்பேன்."

புதன்கிழமை ஒத்திகையில் பார்ஜிட்டர் ஒரு முயற்சி செய்து பார்த்தார். "லயனல், அந்த முதல் வருகை இருக்கே, அங்க கொஞ்சம் ஜாக்கிரதையா..." என்று ஆரம்பித்ததுமே லயனல் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"கவலையே படாதேடா. நான் பக்கத்துல இருக்கேன்ல? மறந்தா என் கண்ணைப் பாரு."

சரி, போ, உன் தலையெழுத்து என்று விட்டுவிட்டார் பார்ஜிட்டர். மூன்று எண்ணுவதாக முடிவே செய்துவிட்டார். மனச்சாட்சி குத்தவில்லை. நன்றாகத் தூங்கினார், வியாழனன்று மதியம் இரண்டு தட்டு வறுத்த மீன் சாப்பிட்டார்.

வியாழன் ராத்திரி, பதினோராவது நிமிஷம். பெட்டியும் குடையுமாக வக்கீல் பெப்வொர்த் உள்ளே வந்தார்.

"வாங்க மிஸ்டர் பெப்வொர்த், உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்" என்று லயனல் மூச்சு இழுத்தார். அந்த மூச்சைக் கேட்டதுமே பார்ஜிட்டருக்குத் தெரிந்துவிட்டது. "படிக்க வேண்டாம். அதை எரிச்சது நான்தான்."

பார்ஜிட்டர் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

ஒன்று.

டல்சி தேநீர்க் கோப்பையை மேஜையில் வைத்தாள். மேலே, நாடகத்தை இயக்குகிற கண்ணாடி அறையில் டோபி எழுந்து நிற்பது தெரிந்தது. அதே மாடியில் எங்கேயோ ஒரு அறையில் க்ராக் டெலிவிஷனைப் பார்த்துக்கொண்டிருப்பார். பன்னிரண்டு வாரம். பெரிய எழுத்து.

இரண்டு.

லயனலின் கண் மாறியது. ஞாயிறன்று அந்தக் கண்ணில் ஒன்றுமே இல்லை. இன்று பார்ஜிட்டரின் மௌனத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. இன்றைக்கு நடந்தது மட்டுமல்ல, ஞாயிறு நடந்ததும் சேர்த்தே புரிந்தது. கை நாற்காலியின் முதுகைத் தேடிப் பிடித்துக்கொண்டது. முப்பது வருஷம் எந்த மேடையிலும் பயந்து பார்க்காத மனுஷர், இருட்டில் வழி தவறியவர்போல் பார்ஜிட்டரைப் பார்த்தார். அடுத்த வரி அவரிடம் இல்லை. எந்த வரியும் இல்லை.

இன்னும் ஒரே ஒரு விநாடிதான். ஹெட்டி வீட்டில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பாள்.

பார்ஜிட்டருக்கு அப்போது தோன்றியது கருணை என்று நான் சொன்னால் அவரே சண்டைக்கு வருவார். இப்படிப்பட்ட அருமையான இடத்தில் பேசாமல் நிற்க அவரால் முடியவில்லை. அதுவும் உண்மை. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு மூன்று எண்ண முடியவில்லை. இதுவும் உண்மை.

பெட்டியைத் திறந்தார். உயிலை எடுத்தார். மூக்குக்கு அருகே கொண்டுபோய் நிதானமாக முகர்ந்து பார்த்தார்.

"கருகின வாசனை வரலையே சார்" என்றார். புரட்டி மறுபக்கத்தையும் முகர்ந்தார். "மீன் வாசனைதான் வருது. அது என் மதியச் சாப்பாடு."

வெறும் ஸ்டூடியோ அது. பார்வையாளர் கிடையாது, கைதட்டல் கிடையாது. இருந்தும் வீடுகளில் உட்கார்ந்திருக்கிறவர்கள் சிரித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அவர் தோல் சொல்லும். அவ்வளவு நேரம் விட்டார். நடுக் கேமராக்காரர் வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டார்.

"ஆமா, நான் எதுக்கு வந்தேன்?" என்று ஆரம்பித்தார் பார்ஜிட்டர். லயனலின் முழங்கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். ஒவ்வொரு வரியாக அவர் வாயில் ஊட்டினார். "நீங்க கேக்க வந்தது இதுதானே? கேளுங்க. நல்லாக் கேட்டீங்க. அடுத்ததையும் கேட்டுருங்க." இரண்டாம் அங்கத்தில் தளப் பொறுப்பாளனின் விரல் மறுபடி சுற்றியது. ரயில் பேச்சு இரண்டாவது தடவையும் தொண்டைக்குள் போயிற்று.

முடிந்ததும் க்ராக் மேக்கப் அறைக்கு வந்தார். முகத்தில் வருத்தமும் இல்லை, ஒன்றும் இல்லை.

"சொன்னேன்ல மிஸ்டர் பார்ஜிட்டர்? ரெண்டு தடவை ஆயிருச்சு. ஜனங்க சிரிச்சிருக்கலாம். எனக்குப் பன்னிரண்டு வாரம் ஓடணும். மறக்கறவரை நடுவுல வெச்சுக் கட்ட முடியாது." பிறகு திரும்பினார். "மிஸ்டர் ஆஷ்கோம், அந்தத் தலைமையாசிரியரை நீங்க பண்ணுங்களேன். எவ்வளவு நிதானமாச் சமாளிச்சீங்க!"

டோபி பெல்ச்சர் தீயணைப்பு விதிகளைத் தேடிப் போனான். லயனலின் முகத்தில் பாதி மேக்கப் கலைந்து, பாதி கலையாமல் இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுவார் என்று பார்ஜிட்டர் ஒரு கணம் எதிர்பார்த்தார். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் கழுத்தைப் பிடித்துச் சொல்ல வைத்திருப்பேன்.

"க்ளெம் கூட இருந்தாத்தான் பண்ணுவேன்" என்றார் லயனல்.

"இவரா? இவருதான் மறக்கறாரே."

"மறப்பான்தான். நான் பாத்துக்கறேன்." குரல் கம்பீரமாகத்தான் இருந்தது. கைதான் துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தது. "எல்லாக் காட்சியிலயும் என் பக்கத்துலயே இருக்கட்டும். உதவி ஆசிரியராவோ என்னவோ எழுதிக்கச் சொல்லுங்க. இல்லேன்னா நான் வரலை."

க்ராக் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். டோபியும் கூடவே நழுவினான். அறையில் இருவர் மட்டும். லயனல் கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார், நேருக்கு நேர் பார்க்க முடியவில்லை.

"ஞாயித்துக்கிழமையும் நான்தானா?"

"ஆமா."

"ஏன்டா சொல்லலை?"

"எப்பச் சொன்னோம் நாம?"

லயனல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். உள்ளேயிருந்து குரல் வந்தது. "ரெண்டு மாசமா இப்படித்தான்டா. காலையில படிச்சது சாயங்காலம் இருக்க மாட்டேங்குது. வீட்டுல சொல்லலை. மேடையை விட்டா எனக்கு என்ன தெரியும்? நீ பெரிய எழுத்துல வர வேண்டியது, நான் தட்டிப் பறிச்சிட்டேன். உன்னைப் பாத்துக்கறேன்னு அந்தாள்கிட்ட வாய் கூசாமச் சொன்னேன்." துண்டை எடுத்தார். கண் சிவந்திருந்தது. "என்னை நீ பாத்துக்குவியாடா?"

பார்ஜிட்டருக்குக் கோபம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பெரிய எழுத்து போனது போனதுதான். ஐம்பத்தெட்டு வயதில் இனி ஒரு க்ராக் கூப்பிடப்போவதில்லை. எழுந்தார், தொப்பியை வைத்துக்கொண்டார்.

"ரெண்டு நிபந்தனை. வாராவாரம் ரெண்டு நிமிஷம் எனக்குன்னு எழுதணும், அதை எவனும் வெட்டக் கூடாது. நான் பேசும்போது நீ மூச்சுகூட விடாம நிக்கணும். சிரிப்பு நடுவுல இருமினே, அங்கேயே விட்டுட்டுப் போயிருவேன்."

"இரும மாட்டேன்டா" என்றார் லயனல்.

வீட்டில் ஹெட்டி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. "ரெண்டு வரைக்கும் எண்ணத் தெரிஞ்சவனுக்கு மூணு வரைக்கும் எண்ணத் தெரியலை" என்று பூனையிடம் சொன்னாள். ஜனங்கள் பஸ்ஸில் அவரை நிறுத்தி, "நீங்க அந்த மறதிக்கார வக்கீல்தானே? எதுல போறோம்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்கள். ஊர் பூராவும் மறதிக்காரர் என்று பெயர் வாங்கியாகிவிட்டது. "இது எந்த பஸ்ஸும்மா?" என்று திருப்பிக் கேட்பார் பார்ஜிட்டர். பஸ்ஸே சிரிக்கும்.

மூன்றாம் வாரம் ஒருநாள் காலைத் தபாலில் தலைமையாசிரியர் தொடரின் முதல் பகுதியின் எழுத்துப் பிரதி வந்தது. பார்ஜிட்டர் சமையலறை மேஜையில் விரித்து, பென்சிலை எடுத்து, கோடு போட்டுக்கொண்டே போனார். ஹெட்டி கோபம் ஆறியும் ஆறாமலும் தோளுக்குப் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

"யோவ், என்ன பண்றே? இதெல்லாம் தலைமையாசிரியரோட வசனமாச்சே. உன்னோடது எங்க?"

"என்னோடது பதினாலு வரி. பஸ்ஸுல போகும்போது பாத்துப்பேன்." பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார் பார்ஜிட்டர். "அவனோடது இருநூத்திப் பத்து. அதை முதல்ல படிக்கணும். பக்கத்துல உக்காந்து கேளு."

ஹெட்டி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பிரதியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ம், ஆரம்பி" என்றாள்.